பட்டாளத்துக்கு அப்புறம்

அன்புள்ள ஐயா,

என் அண்ணன் ராணுவத்தில் பாரா சிறப்புப் படையில் லெப்டினன்ட் கர்னல். பரங்கிமலையில் பயிற்சி முடித்துப் போனவர், இருபது வருஷ சர்வீஸைத் தாண்டிவிட்டார். கர்னல் பதவி உயர்வு வரவில்லை. முன்கூட்டியே ஓய்வு கேட்டு எழுதிக்கொடுத்துவிட்டார், சென்னைக்கே வரப்போகிறார். இரண்டு இடங்களில் கூப்பிடுகிறார்கள். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ட்ரோன் செய்கிற ஒரு சின்ன கம்பெனி ஆலோசகராக வரச் சொல்கிறது, பணம் நிறையத் தருகிறார்கள். ஒரு தனியார் பல்கலைக்கழகம் ‘புரொஃபசர் ஆஃப் பிராக்டிஸ்’, அதாவது அனுபவத்தை வைத்துத் தரும் பேராசிரியர் வேலை, தருவதாகச் சொல்கிறது. அப்பா ஆவடி டேங்க் ஃபேக்டரியில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். “தரகு வேலை பார்க்கவா பட்டாளத்துக்கு அனுப்பினேன்?” என்று கத்துகிறார். அம்மாவுக்கு புரொஃபசர் என்றால் போதும். அண்ணன் வழக்கம்போல வாயே திறப்பதில்லை. ஆலோசகர் வேலை என்பது கோட்டு போட்ட தரகு வேலைதானா? கல்லூரிதான் அவருக்குச் சரியா? பெயர் போட வேண்டாம்.

எஸ்., மேற்குத் தாம்பரம்

அன்புள்ள எஸ்.,

உங்கள் அப்பாவின் கோபம் நியாயமில்லாதது அல்ல. அவர் தலைமுறை 1987இல் போஃபர்ஸ் பீரங்கி விவகாரத்தைப் பார்த்த தலைமுறை. ஆயுதம் வாங்குவது என்றாலே இடையில் ஒருவன் நின்று கமிஷன் அடிப்பான் என்று அப்போது மனதில் பதிந்ததுதான். அந்த விவகாரம் 1989 தேர்தலில் ஒரு ஆட்சியையே கவிழ்க்க உதவியது.

ஆனால் அவர் வேலை பார்த்த காலத்தில் இல்லாத ஒரு சந்தை இப்போது நம் ஊரைச் சுற்றி வந்துவிட்டது. 2018 ஏப்ரலில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் திருவிடந்தையில் ராணுவத் தளவாடக் கண்காட்சி நடந்ததே, ஐடெக்ஸ் திட்டத்தை அங்கேதான் தொடங்கிவைத்தார்கள். ராணுவம் தன் தேவையைச் சொல்லும், சின்ன நிறுவனங்கள் அதற்குத் தீர்வு செய்து காட்டலாம், ஒன்றரைக் கோடி ரூபாய் வரை மானியம். மறு வருஷம் ஜனவரியில் சென்னை, கோவை, ஓசூர், சேலம், திருச்சி என ஐந்து இடங்களை இணைத்துப் பாதுகாப்புத் தொழில் தடம் வந்தது. அப்பாவின் ஃபேக்டரியும் 2021 அக்டோபரில் ஒரு அரசு கம்பெனியின் கீழ் போய்விட்டது. இப்படி முளைத்த கம்பெனிகளில் நல்ல இன்ஜினியர்கள் இருக்கிறார்கள். அவர்கள் செய்கிற சாமானை முதுகில் சுமந்துகொண்டு ராத்திரி மலையேறிய ஆள்தான் இல்லை.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனி ஷெட்டில் இதைக் கண்ணால் பார்த்தேன். இருட்டில் பார்க்கிற கருவி ஒன்றை மேஜையில் வைத்து இரண்டு இளைஞர்கள் விளக்கிக்கொண்டிருந்தார்கள். தூரம், தெளிவு, எடை எல்லாம் அருமை. ஆலோசகராக வந்திருந்த ஓய்வுபெற்ற மேஜர் ஒருவர் பேசாமல் கேட்டார். அப்புறம் பையிலிருந்து ஒரு ஜோடி தடித்த கம்பளிக் கையுறையை எடுத்து அந்தப் பையன்களில் ஒருவனிடம் கொடுத்து, போட்டுக்கொள்ளச் சொன்னார். “லைட்டை அணைங்க. இப்போ பேட்டரியை மாத்துங்க தம்பி.” பேட்டரி மூடியில் திருகு ஒன்று இருந்தது. சுண்டுவிரல் நகம் அளவு. கொஞ்ச நேரம் தடவும் சத்தம், பிறகு அது தரையில் விழுந்து உருண்ட சத்தம். யாரும் சிரிக்கவில்லை. மேஜர் சொன்னது ஒரே வரி: “லடாக்ல, லே-யில போய் இது தெரியறதுக்கு, இங்கேயே தெரிஞ்சது நல்லது.”

ராணுவச் சோதனைக்கு சாமானைக் கொண்டுபோகும் செலவு பெரும்பாலும் கம்பெனியின் தலையில்தான். ‘நோ காஸ்ட், நோ கமிட்மென்ட்’ என்பார்கள்: ராணுவம் செலவையும் ஏற்காது, வாங்குவதாக வாக்கும் தராது. கோடையில் பாலைவனம், குளிரில் பனிமலை, அங்கே தோற்றால் மறுபடி வரிசையில் நின்று வர வருஷங்கள் ஆகும், அதற்குள் சின்ன கம்பெனி மூச்சை விட்டுவிடும். ஆக அந்தத் திருகைக் கண்டுபிடித்துச் சொன்னவருக்கு எவ்வளவு கொடுத்தாலும் தகும். இதில் தரகு எங்கே இருக்கிறது?

இருக்கும் இடமும் உண்டு. “ஃபைல் இப்போ யார் டேபிள்ல இருக்குன்னு பாருங்க சார்”, “சோதனைக் குழுவுல உங்க பேட்ச்மேட் இருக்காராமே”, “டெண்டர் எப்ப வரும்னு உங்களுக்குத் தெரியாமலா?” இந்த மாதிரிக் கேள்விகள் முதல் மாதமே வந்தால் கம்பெனி வாங்கியிருப்பது அண்ணனின் அறிவை அல்ல, அவர் போனில் இருக்கிற நம்பர்களை. அந்த நம்பர்களுக்கு ஆயுளும் குறைவு. இன்றைக்குப் பதவியில் இருக்கிற நண்பர் மூன்று வருஷத்தில் வேறு ஊரில் இருப்பார் அல்லது அவரும் ஓய்வு பெற்றிருப்பார். அப்போது கம்பெனி அடுத்த ஆளைப் பிடிக்கும்.

எப்படிக் கண்டுபிடிப்பது? ஒப்பந்தத் தாளை வாங்கிப் படியுங்கள். மாதச் சம்பளமா, நாள் கூலியா, எதுவானாலும் சரி. ‘ஆர்டர் கிடைத்தால் மதிப்பில் இத்தனை சதவீதம்’ என்று எங்காவது இருந்தால், அதற்கு ‘வெற்றி ஊக்கத்தொகை’ என்று அழகாகப் பெயர் வைத்திருந்தாலும், அப்பா சொன்னது சரி. அது கமிஷன். ராணுவக் கொள்முதலில் நேர்மை உடன்படிக்கை என்று ஒன்றில் கம்பெனிகள் கையெழுத்துப் போடுகின்றன, இப்படிக் கொடுத்தது தெரிந்தால் ஒப்பந்தமே போகும். அதோடு, ஓய்வுக்குப் பிறகு முதல் ஒரு வருஷத்துக்குள் இந்த மாதிரி வணிக வேலையில் சேர அரசின் அனுமதி தேவைப்படலாம். அண்ணனுக்கு அது எப்படிப் பொருந்தும் என்று ஆபீஸில் எழுதிக் கேட்டுவிடுவது நல்லது. “அதெல்லாம் யாரும் பார்ப்பதில்லை சார்” என்று கம்பெனிக்காரர் சொன்னால், அவர் எப்படிப்பட்டவர் என்பதும் தெரிந்துவிடும்.

மூன்றாவதாக ஒரு அழைப்பும் வரலாம். வெளிநாட்டில் கப்பல் காவல், எண்ணெய் வயல் காவல், டாலரில் சம்பளம். சிறப்புப் படையில் இருந்தவர்களை உலகம் முழுக்க இப்படித்தான் தேடுகிறார்கள். 2013 அக்டோபரில் தூத்துக்குடிக்கு அருகே பிடிபட்ட சீமேன் கார்டு ஓஹையோ கப்பல் ஞாபகம் இருக்கிறதா? கடற்கொள்ளைக்காரர்களிடமிருந்து வணிகக் கப்பல்களைக் காக்க ஒரு அமெரிக்கத் தனியார் நிறுவனம் நடத்திய கப்பல். அதில் 35 பேர். அவர்களில் 6 பேர் பிரிட்டிஷ் ராணுவத்தில் இருந்தவர்கள். அனுமதியில்லாத ஆயுதம் என்று வழக்கு. 2016 ஜனவரியில் 5 வருஷ சிறை. 2017 நவம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை எல்லாரையும் விடுதலை செய்தது. நடுவில் அந்த 6 பேரும் நம் புழல் சிறையில்தான் கிடந்தார்கள். அவர்கள் ஊர்ப் பத்திரிகைகள் ‘சென்னை சிக்ஸ்’ என்றே எழுதின. யூனிஃபார்மில் இருக்கும்போது சிக்கலில் மாட்டினால் பின்னால் ஒரு நாடு நிற்கும். தனியார் ஒப்பந்தத்தில் போனால் ஒரு மின்னஞ்சல் முகவரிதான் நிற்கும், சில சமயம் அதுவும் பதில் போடாது. அண்ணன் அந்தப் பக்கம் போகவில்லை என்பதே எனக்கு நிம்மதி.

சரி, கல்லூரி. அம்மா நினைப்பதுபோல அது ஓய்வான வேலை அல்ல. அண்ணன் சேரும் முன்பே அவருக்கு ஒரு தப்பான பழக்கத்தைக் கல்லூரி கற்றுக்கொடுத்துவிடும். நீங்களும் பார்த்திருப்பீர்கள்: குடியரசு தின விழா, அரங்கம் நிறையப் பிள்ளைகள், பொன்னாடை, நினைவுப் பரிசு. பாரா படையின் மெரூன் தொப்பியைப் பார்த்ததும் கைதட்டல். அவர் ஒரு ஆபரேஷனைப் பற்றிப் பாதி சொல்லி, “மீதியைச் சொல்ல முடியாது” என்பார், அதற்கு இன்னும் பெரிய கைதட்டல். அப்புறம் செல்ஃபி. ஒரு கேள்விகூட வராது. இதையே வாரம் நான்கு வகுப்பாக நடத்த முடியாது. மூன்றாவது வாரம் கதை தீர்ந்துவிடும். மீதி இருப்பதைச் சொல்லவும் கூடாது. 1923இல் போட்ட அரசு ரகசியச் சட்டம் ஓய்வு பெற்றவரையும் விடாது.

அனுபவத்தை எப்படிப் பாடமாக்குவது என்பதற்கு எனக்குத் தெரிந்த நல்ல உதாரணம் அமெரிக்கக் கடற்படையின் ‘சீல்’ சிறப்புப் படையிலிருந்த வில்லியம் மெக்ரேவன். 2011இல் பின் லேடனைக் கொன்ற நடவடிக்கைக்குத் தலைமை தாங்கியவர், பிறகு டெக்சாஸ் பல்கலைக்கழக அமைப்பின் வேந்தர். ஆனால் அதற்கெல்லாம் வெகு முன்பே, 1993இல், கடற்படையின் முதுகலைக் கல்லூரியில் மாணவராக ஒரு ஆய்வேடு எழுதினார். எட்டு அதிரடித் தாக்குதல்களை எடுத்துக்கொண்டு, ஒரு சின்னப் படை தன்னைவிடப் பெரிய எதிரியை எந்தக் கட்டத்தில், எதனால் மிஞ்சுகிறது என்று கேட்டார். அந்த எட்டில் அவருடைய சொந்தச் சாகசம் எதுவும் இல்லை. எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது.

அண்ணன் சென்னையில் அப்படி ஒரு வகுப்பு எடுத்தால் எந்தத் தாக்குதலை எடுப்பார்? 1987 அக்டோபர் 11 இரவு, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம். புலிகளின் தலைமையைப் பிடிப்பதற்காக, இலங்கைக்குப் போயிருந்த இந்திய அமைதிப்படையின் 10வது பாரா கமாண்டோவையும் 13வது சீக்கிய லகு காலாட்படையையும் ஹெலிகாப்டரில் பல்கலைக்கழக வளாகத்தில் இறக்கினார்கள். படையின் வயர்லெஸ் பேச்சைப் புலிகள் ஏற்கெனவே ஒட்டுக்கேட்டிருந்தார்கள், தயாராகக் காத்திருந்தார்கள். ஹெலிகாப்டர்கள் அடிபட்டன, அடுத்தடுத்த அணிகள் வர முடியவில்லை. இறங்கிய 30 சீக்கியச் சிப்பாய்களில் 29 பேர் செத்தார்கள், ஒருவர் பிடிபட்டார். கமாண்டோக்களை மீட்க டேங்குகள் ரயில் தண்டவாளத்தின் மேலேயே ஓட்டிவரப்பட்டன. சிறப்புப் படையை எங்கே அனுப்பக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் நம் ராணுவ வரலாற்றில் குறைவு.

ஆனால் இது சென்னை. பின் பெஞ்சில் ஒரு பெண் எழுந்து, “அதே மாசம் யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள்ள டாக்டர்களும் நோயாளிகளும் செத்தாங்களே சார், அது எந்தப் பாடத்துல வரும்?” என்று கேட்பாள். கேட்க வேண்டும். அண்ணன் அப்போது பதவிக் குரலில் அதட்டினாலும் தோற்றார், மழுப்பினாலும் தோற்றார். படையில் அவர் கீழே இருந்தவர்கள் இப்படிக் கேட்டதில்லை. எங்கே தெரியும், எங்கே தெரியாது, எங்கே சொல்லக் கூடாது என்று பிரித்துச் சொல்லி, அவளையே ஆவணங்களைத் தேடிப் படித்து வரச் சொல்ல வேண்டும். அவர் ஆசிரியரா, விழா நாயகரா என்பது அன்றைக்குத் தெரியும்.

இதற்கு இந்த ஊரில் முன்னோடிகள் இல்லாமல் இல்லை. நம் வெளிநாட்டு உளவு அமைப்பான ‘ரா’வில் கூடுதல் செயலராக இருந்து 1994இல் ஓய்வு பெற்ற பி. ராமன், சென்னையில் உட்கார்ந்து 2013இல் இறக்கும்வரை எழுதினார். அமைதிப்படையின் உளவுப் பிரிவுக்குத் தலைமை வகித்த கர்னல் ஆர். ஹரிஹரன் இங்கிருந்தே இலங்கை பற்றி ஆண்டுக்கணக்கில் எழுதிவந்தவர். அவர்கள் சொல்வதோடு நான் எல்லா இடத்திலும் உடன்பட்டதில்லை. ஆனால் பதவியை வைத்து அல்லாமல் வாதத்தை வைத்து எழுதினார்கள். டிவி விவாதத்தில் மீசையை முறுக்குகிறவர்களை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

நடைமுறை விஷயத்துக்கு வருகிறேன். 2022இல் யு.ஜி.சி. கொண்டுவந்த ஏற்பாடு இந்தப் பேராசிரியர் வேலை. பதினைந்து வருஷ அனுபவம் போதும், முனைவர் பட்டம் தேவையில்லை, படையினரையும் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறார்கள். ஆனால் மொத்தம் மூன்று வருஷம், மிஞ்சிப்போனால் நான்கு. நிரந்தர வேலை என்று அம்மா நினைத்தால் இப்போதே சொல்லிவிடுங்கள். பல்கலைக்கழகம் அவருக்கு ஒரு பாடத்தைக் கொடுத்து, பாடத்திட்டம் எழுத விடுகிறதா, அல்லது விளம்பரத் தாளில் புகைப்படம் போட மட்டும் கூப்பிடுகிறதா என்று கேட்டுப் பாருங்கள். இரண்டாவது ரகம் நிறைய.

என்னைக் கேட்டால், முதலில் அவர் மாணவராக வேண்டும். வெலிங்டனில் படை அதிகாரிகளுக்கான ஸ்டாஃப் காலேஜ் முடித்திருந்தால் எம்.எஸ்சி. கையில் இருக்கும், அதைக் கொடுப்பதே சென்னைப் பல்கலைக்கழகம்தான். அங்கே பாதுகாப்பியல் துறையும் இருக்கிறது. பகுதி நேர ஆய்வுக்குப் பதிந்துகொண்டு, அந்த மூன்று வருஷ வகுப்பையும் எடுக்கட்டும். ட்ரோன் கம்பெனிக்கு மாதத்தில் சில நாள் போகலாம், அனுமதி விஷயம் முடிந்த பிறகு, நாள் கூலிக்கு. வேலை சாமானைச் சோதிப்பது மட்டும், தில்லிக்குப் போன் போடுவது இல்லை என்று எழுதி வாங்கிக்கொண்டு. இதனால் வருமானம் கம்பெனி சொன்ன தொகையில் பாதிகூட வராது. இருபது வருஷம் முடித்ததால் பென்ஷன் இருக்கிறது, அந்தத் தைரியத்தில்தான் சொல்கிறேன். பிள்ளைகளின் படிப்புச் செலவு, வீட்டுக் கடன் எவ்வளவு என்று நீங்கள் எழுதவில்லை. அது கழுத்தை நெரிக்கிற நிலை என்றால் கம்பெனிக்கே முழு நேரமாகப் போகட்டும், சதவீதம் மட்டும் வேண்டாம்.

ஓய்வு பெறும் அதிகாரிகளுக்காக பாதுகாப்பு அமைச்சகத்தின் மறுவாழ்வு இயக்ககம் ஐ.ஐ.எம்.களில் நடத்துகிற 24 வாரப் படிப்புக்கு அண்ணன் விண்ணப்பித்தாரா என்று கேளுங்கள். சர்வீஸில் இருக்கும்போதே போட வேண்டிய விண்ணப்பம் அது, வெளியே வந்த பிறகு இடம் கிடைப்பது கஷ்டம்.