யுரேனஸ் வெறுங்கண்ணுக்கே தெரியும் என்றால், 1781 வரை அதை யாரும் கோள் என்று கண்டுகொள்ளாதது ஏன்? அதைப் ‘பனிப் பெருங்கோள்’ என்கிறார்களே, அப்படியென்றால் அது பனிக்கட்டியால் ஆனதா?

ஏறக்குறைய இதே கேள்வியை என் மகள் கேட்டது ஒரு சனிக்கிழமை மாலையில், கோயிலில் நவக்கிரகங்களைச் சுற்றிக்கொண்டிருந்தபோது. தொடக்கநிலை 5இல் படிக்கிறாள். நூலகத்திலிருந்து எடுத்துவந்த விண்வெளிப் புத்தகத்தை அந்த வாரம் முழுவதும் படித்திருந்தவள், ஒன்பது சிலைகளையும் விரல்விட்டு எண்ணிவிட்டு, “அப்பா, யுரேனஸ் ஏன் இங்கே இல்லை?” என்றாள். அன்று நான் அவளுக்குச் சொன்ன பதில் அரைகுறை. பிறகு படித்துத் தெரிந்துகொண்டதையும் நாங்கள் இருவரும் சேர்ந்து பார்த்ததையும் இங்கே எழுதுகிறேன்.

நல்ல இருட்டில் யுரேனஸ் வெறுங்கண்ணுக்குத் தெரியும் என்பது உண்மைதான். ஆனால் பார்வையின் எல்லையை ஒட்டித்தான் தெரியும். அந்த அளவு மங்கலான விண்மீன்கள் வானத்தில் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. அவற்றிலிருந்து ஒரு கோளைப் பிரித்துக் காட்டுவது அதன் நகர்வுதான். சனி ஒரு ராசியைக் கடக்க ஏறத்தாழ இரண்டரை ஆண்டுகள் எடுத்துக்கொள்கிறது. மூன்று ராசிக்கு ஏழரை ஆண்டுகள் என்ற கணக்கு நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரியும். மந்தன் என்று பெயர் வாங்கிய சனிக்கே அவ்வளவுதான். யுரேனஸ் சூரியனை ஒருமுறை சுற்றிவர 84 ஆண்டுகள் ஆகின்றன. அதாவது ஒரு ராசிக்கு 7 ஆண்டுகள். மங்கலான ஒரு புள்ளி, அதுவும் அவ்வளவு மெதுவாக ஊர்வது, பழங்காலத்து வானியலாளர்களின் கண்ணில் படாமல் போனதில் அவர்கள் குறை எதுவும் இல்லை.

தொலைநோக்கி வந்த பிறகும் அது தப்பித்துக்கொண்டே இருந்தது என்பதுதான் எனக்குப் பெரிய வியப்பு. இங்கிலாந்தின் அரச வானியலாளர் ஜான் ஃபிளாம்ஸ்டீட் 1690 டிசம்பரிலேயே அதைப் பார்த்துக் குறித்திருக்கிறார். ஆனால் விண்மீன் என்று நினைத்துவிட்டார். அவருடைய அட்டவணையில் அது ரிஷபத்தின் 34ஆம் விண்மீன். பிரான்சின் வானியலாளர் லெ மோனியே 1750 முதல் 1769 வரை ஏறக்குறைய பன்னிரண்டு முறை பார்த்தார். 1769 ஜனவரியில் சில நாள்களுக்குள்ளேயே பல முறை. அவரை அலட்சியக்காரர் என்று எழுதுகிறவர்கள் உண்டு. நான் அதை ஏற்க மாட்டேன். பூமியின் ஓட்டத்தால் கோள்கள் வானத்தில் நின்று திரும்புவதுபோல் தோன்றும் காலம் ஒன்று உண்டு. லெ மோனியே பார்த்த அந்த நாள்களில் யுரேனஸ் அப்படிப்பட்ட கட்டத்தில் ஏறக்குறைய அசையாமல் நின்றது.

13.3.1781 இரவு, பத்து மணிக்கும் பதினொரு மணிக்கும் இடையில், இங்கிலாந்தின் பாத் நகரில் தன் வீட்டிலிருந்து வில்லியம் ஹெர்ஷல் அதைப் பார்த்தார். தொழிலால் அவர் ஓர் இசைக்கலைஞர். தேவாலயத்தில் ஆர்கன் வாசித்தவர், ஜெர்மனியின் ஹனோவரிலிருந்து வந்தவர். செம்பும் வெள்ளீயமும் கலந்த உலோகத்தைத் தேய்த்து மெருகேற்றித் தன் கையாலேயே கண்ணாடிகள் செய்தவர். அன்று அவர் பயன்படுத்தியது 7 அடி நீளமும் சுமார் 16 சென்டிமீட்டர் கண்ணாடியும் கொண்ட தொலைநோக்கி. இரட்டை விண்மீன்களைத் தேடிக்கொண்டிருந்தவருக்கு, ஒரு புள்ளி மட்டும் மற்றவற்றைவிடப் பெரிதாகத் தெரிந்தது. முதலில் 227 மடங்கு உருப்பெருக்கத்தில் பார்த்தார். பிறகு 460, அதன்பின் 932. விண்மீன்கள் அவ்வளவு தொலைவில் இருப்பதால் எத்தனை மடங்கு பெருக்கினாலும் அதற்கேற்பப் பெரிதாவதில்லை. இந்தப் புள்ளியோ பெருக்கப் பெருக்கப் பெரிதானது. நான்கு நாள் கழித்து மீண்டும் தேடினார். அது இடம் மாறியிருந்தது.

ஆனாலும் தான் கண்டது வால்மீன் என்றே அவர் நினைத்தார். ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்கில் இருந்த லெக்செல் முதலிய கணித வல்லுநர்கள் பாதையைக் கணக்கிட்டு, அது சனிக்கு அப்பால் ஏறக்குறைய வட்டமாகச் சுற்றுகிறது என்று காட்டிய பிறகுதான் கோள் என்பது உறுதியானது. மன்னர் மூன்றாம் ஜார்ஜின் பெயரை அதற்குச் சூட்ட ஹெர்ஷல் விரும்பினார். நிலைத்ததோ ஜெர்மானிய வானியலாளர் போடே சொன்ன யுரேனஸ், கிரேக்கப் புராணத்தில் வானத்தின் தெய்வம். 1789இல் கண்டறியப்பட்ட யுரேனியம் என்ற தனிமத்துக்கும் இந்தக் கோளிலிருந்துதான் பெயர் வந்தது.

இப்போது பனிக்கு வருகிறேன். இந்தப் பெயர் எல்லோரையும் குழப்புகிறது, என்னையும் குழப்பியது. நீர், அம்மோனியா, மீத்தேன் ஆகியவற்றைக் கோள் அறிவியலாளர்கள் எந்த நிலையில் இருந்தாலும் ‘பனி’ என்றே சொல்கிறார்கள். கோள்கள் உருவான காலத்தில் சூரியனுக்கு எட்டத்தில் அவை உறைந்து கிடந்தவை. யுரேனஸின் உள்ளே அவை கடும் அழுத்தத்தில், பல ஆயிரம் டிகிரி வெப்பத்தில், அடர்ந்த திரவமாக இருக்கின்றன. கால் வைக்கத் தரை கிடையாது. மேலே ஹைட்ரஜனும் ஹீலியமும், கொஞ்சம் மீத்தேனும். மீத்தேன் சிவப்பு ஒளியை விழுங்கிவிடுவதால் கோள் வெளிர்நீலப் பச்சையாகத் தெரிகிறது. மேகங்களில் ஹைட்ரஜன் சல்ஃபைடு இருப்பதை 2018இல் உறுதிசெய்தார்கள். அழுகிய முட்டை நாற்றத்தைக் கொடுக்கும் அதே வாயு.

அளவைச் சொன்னால், பூமியைப் போல் நான்கு மடங்கு விட்டம், பதினான்கரை மடங்கு நிறை. சூரியனிலிருந்து சராசரியாக 290 கோடி கிலோமீட்டர் தொலைவு. சூரிய ஒளி அங்கே போய்ச்சேர 2 மணி 40 நிமிடம் ஆகிறது. வளிமண்டலத்தின் மேற்பகுதியில் −224 டிகிரி செல்சியஸ் வரை குளிர் பதிவாகியிருக்கிறது. நெப்டியூன் இன்னும் தொலைவில் இருந்தும் அங்கே இவ்வளவு குளிர் பதிவானதில்லை. நெப்டியூன் தான் பெறும் ஆற்றலைப் போல் இரண்டரை மடங்குக்கு மேல் வெளியே விடுகிறது. யுரேனஸ் சற்றே கூடுதலாக மட்டும் விடுகிறது.

என் மகளை அசத்தியது அதன் சாய்வு. பூமி இருபத்து மூன்றரை டிகிரி சாய்ந்து சுழல்கிறது. யுரேனஸ் 98 டிகிரி சாய்ந்து, படுத்து உருளும் பந்தைப்போலச் சூரியனைச் சுற்றுகிறது. பூமியளவோ அதைவிடப் பெரிதோ ஆன ஒன்று தொடக்க காலத்தில் மோதியதால் கவிழ்ந்திருக்கும் என்பது பரவலான கருத்து. தன்னைத்தானே சுற்ற அதற்கு 17 மணி நேரம்தான் ஆகிறது. ஆனால் துருவத்தில் நின்றால் 42 ஆண்டுகள் பகல், அடுத்த 42 ஆண்டுகள் இரவு. ஆண்டு முழுவதும் காலை ஏழு மணியையொட்டி விடிந்து மாலை ஏழு மணியையொட்டி இருட்டும் சிங்கப்பூரில் பிறந்த பிள்ளைக்கு இதைப் புரியவைக்க ஒரு மேசைவிளக்கும் ஓர் ஆரஞ்சுப் பழமும் தேவைப்பட்டன.

இன்னொன்று, தமிழர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது. 10.3.1977 அன்று யுரேனஸ் ஒரு விண்மீனின் முன்னால் கடந்தது. இந்தியப் பெருங்கடலின் தென்பகுதிக்கு மேலே தொலைநோக்கியுடன் பறந்த அமெரிக்க விமானத்தில் எலியட், டன்ஹம், மிங்க் ஆகிய மூவரும் கவனித்துக்கொண்டிருந்தார்கள். கோள் மறைப்பதற்கு முன் ஐந்து முறையும், மறைத்து விலகிய பின் ஐந்து முறையும் விண்மீன் மினுங்கி மங்கியது. யுரேனஸுக்கு வளையங்கள் இருப்பது இப்படித்தான் தெரியவந்தது. அதே இரவில், தமிழ்நாட்டின் ஜவ்வாது மலையில் உள்ள காவலூரிலிருந்து ஜே. சி. பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும் 1 மீட்டர் தொலைநோக்கியில் அதே விண்மீன் மங்குவதைப் பதிவுசெய்தார்கள். புதிய துணைக்கோள் ஒன்று மறைத்திருக்கலாம் என்று ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். வால்மீன் என்று எழுதிய ஹெர்ஷலைப் போலவே, அவர்களும் வைத்த பெயர்தான் மாறியது. பார்த்தது சரியாகவே இருந்தது. வளையங்களின் கதையைச் சொல்லும்போது காவலூரை விட்டுவிடுகிறவர்கள் மீது எனக்கு உண்மையிலேயே கோபம் உண்டு. வாயேஜர் 2 அங்கே போனது அதற்கும் ஒன்பது ஆண்டுகள் கழித்து, 24.1.1986 அன்று. வேறு எந்த விண்கலமும் இதுவரை போகவில்லை.

சிங்கப்பூரிலிருந்து பார்க்க முடியுமா என்று கேட்பீர்கள். வெறுங்கண்ணால் முடியாது. ஒளி மாசு பற்றி 2016இல் வெளியான உலக வரைபடத்தில் முதலிடம் நமக்குத்தான். இரவுக்கு நம் கண்கள் முழுதாகப் பழகவே முடியாத அளவுக்கு வெளிச்சம். ஆனால் 10×50 இருகண்நோக்கி (10 மடங்கு பெருக்கம், 50 மில்லிமீட்டர் முன்வில்லை) போதும். 2025 நவம்பரில் ஈசூனில் எங்கள் புளோக்கின் பலமாடி கார் நிறுத்துமிடத்து உச்சித் தளத்துக்கு ஏறினோம். வடகிழக்குப் பருவமழைக் காலம். நான்கு இரவுகள் மேகத்தைத்தான் பார்த்தோம். ஐந்தாவது இரவில், தலைக்குச் சற்று வடக்கே கார்த்திகைக் கூட்டம் தெரிந்தது; அதற்குக் கொஞ்சம் தெற்கே, மூன்று மங்கலான புள்ளிகள். மகள் மூன்றையும் குறிப்பேட்டில் வரைந்துகொண்டாள். 18 நாள் கழித்து மீண்டும் வானம் தெளிந்தபோது, அவற்றில் ஒன்று முழுநிலவின் அகலத்துக்கும் மேல் நகர்ந்திருந்தது. அவள் இருகண்நோக்கியை என்னிடம் தராமல் வெகுநேரம் வைத்துக்கொண்டிருந்தாள்.

நீங்களும் பார்க்க விரும்பினால், 2026 நவம்பர், டிசம்பரில் கார்த்திகைக்கும் ரோகிணிக்கும் இடையில், கார்த்திகைக்குச் சற்று அருகில் தேடுங்கள். ஃபிளாம்ஸ்டீட் ‘ரிஷபம் 34’ என்று குறித்த நாளிலிருந்து யுரேனஸ் நான்கு சுற்றுகளை முடித்து, ஏறக்குறைய அதே இடத்துக்கு அப்போதுதான் திரும்பி வருகிறது.