ரோலுக்கு ஆள் பிடிப்பதா உங்கள் வேலை?

கேள்வி:

மேடம், அம்பத்தூரில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். அண்ணா நகர் பக்கம் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் மாதம் இரண்டு ஞாயிற்றுக்கிழமை காலையில் கூடும், மேடையில் பேசப் பழகும் டோஸ்ட்மாஸ்டர்ஸ் கிளப்பில் உறுப்பினராக இருக்கிறேன். இந்த ஜூலையில் இருந்து கல்வித் துணைத் தலைவர், அதாவது வி.பி.இ. பொறுப்பு என் தலையில் விழுந்தது. அன்றோடு நிம்மதி போனது. பட்டியலில் 22 பேர், வருவது 10 பேர். கூட்டத்தில் ஒரு வேலையை, அதாவது ரோல் எடுத்தவர்கள் சனிக்கிழமை ராத்திரி பதினோரு மணிக்கு ‘சாரி, வீட்ல விசேஷம்’ என்று மெசேஜ் போடுகிறார்கள். நேரம் பார்க்கும் டைமர், மொழியைக் கவனிக்கும் கிராமேரியன், பேச்சை மதிப்பிடும் எவால்யுவேட்டர் எல்லாம் நானே. மற்ற பொறுப்பாளர்கள் பெயருக்குத்தான் இருக்கிறார்கள். மூத்த உறுப்பினர் ஒருவர் பேச எழுந்தால் உட்காரவே மாட்டார். ஒரு பெண்ணின் முதல் பேச்சை எவால்யுவேட் செய்தவர் அவளுடைய ஆங்கில உச்சரிப்பைப் பற்றியே பேசினார். அதோடு அவள் வருவதில்லை. கெஸ்ட் வருகிறார்கள், திரும்ப வருவதில்லை. அக்டோபர் சந்தா வேறு நெருங்குகிறது. கிளப்பே மூடிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. பாதியில் ராஜினாமா செய்துவிடலாமா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி, முகப்பேர்

பதில்:

அன்புத் தோழி,

இத்தனை பிரச்சினைக்கு நடுவில் அந்தப் பெண் வராமல் போனதை ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். நான் அங்கிருந்துதான் ஆரம்பிப்பேன். ரோலுக்கு ஆள் இல்லாததைக்கூட அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

டோஸ்ட்மாஸ்டர்ஸில் ஆசிரியர் என்று யாரும் கிடையாது. 1924-ல் கலிஃபோர்னியாவின் சான்டா ஆனா ஊரில், ஒய்.எம்.சி.ஏ. கட்டடத்தில் ரால்ஃப் ஸ்மெட்லி முதல் கிளப்பைத் தொடங்கியதில் இருந்து இன்றுவரை முறை அதேதான். ஒருவர் பேசுவார், இன்னொரு உறுப்பினர் எழுந்து அந்தப் பேச்சைப் பற்றித் தன் கருத்தைச் சொல்வார். அந்த இரண்டு மூன்று நிமிட எவால்யுவேஷன்தான் ஒருவர் கட்டுகிற சந்தாவுக்கு உண்மையில் கிடைக்கிற பலன். கைதட்டல் எங்கே வேண்டுமானாலும் கிடைக்கும். தன் பேச்சை ஒருவர் அக்கறையோடு கவனித்து, ‘இது நன்றாக இருந்தது, இதை இப்படி மாற்றிப் பாருங்கள்’ என்று சொல்வது வேறெங்கும் சுலபமாகக் கிடைக்காது. அது காயப்படுத்தும் இடமாகிவிட்டால், மற்றதெல்லாம் எவ்வளவு ஒழுங்காக நடந்தும் பிரயோஜனம் இல்லை.

முதல் பேச்சுக்குப் பெயரே ஐஸ்பிரேக்கர். நான்கு முதல் ஆறு நிமிடத்தில் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்வது மட்டும்தான் அதன் நோக்கம். உச்சரிப்பு அதன் மதிப்பீட்டிலேயே முக்கியமில்லை. எவால்யுவேட்டர் பேச்சுக்கு முன்பே பேச்சாளர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, ‘இன்றைக்கு நான் எதைக் கவனிக்கணும்?’ என்று கேட்டிருக்க வேண்டும். கேட்டிருந்தால் அந்தப் பெண், ‘கை நடுங்குது, அது வெளியே தெரியுதான்னு மட்டும் பாருங்க’ என்று சொல்லியிருக்கலாம். அதற்கு மட்டும் பதில் சொன்னால் போதுமாக இருந்திருக்கும்.

நல்ல எவால்யுவேஷன் எப்படி இருக்கும் என்பதற்கு ஒரு மாதிரி தருகிறேன். ‘ரேஷன் கடை வரிசையில் உங்கள் பாட்டி சண்டை போட்டதைச் சொன்னீர்களே, அப்போது கடைசி பெஞ்சில் இருந்தவர் ஃபோனைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தார். அந்த இடம் அவ்வளவு உயிரோடு இருந்தது. ஆனால் அதை முடித்ததும், அதிலிருந்து என்ன தெரிகிறது என்று விளக்க ஆரம்பித்தீர்கள். அடுத்த தடவை சம்பவத்தோடு நிறுத்திப் பாருங்கள், நாங்களே புரிந்துகொள்வோம்.’ பாராட்டும் குறையும் பேச்சின் குறிப்பிட்ட ஓர் இடத்தைத் தொட்டுப் பேசுகின்றன. ஆளைத் தொடவில்லை. ‘நல்லா இருந்தது, இன்னும் இம்ப்ரூவ் பண்ணணும்’ என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வதும் எனக்குப் பிடிக்காது. அதுவும் பேச்சாளரை ஏமாற்றுவதுதான்.

யாருடைய பேச்சை யார் எவால்யுவேட் செய்வது என்று முடிவு செய்யும் அதிகாரம் வி.பி.இ. ஆன உங்களிடம் இருக்கிறது. முதல் பேச்சுக்கு எப்போதும் பக்குவமான ஆளைப் போடுங்கள். காலியாக இருக்கிறார் என்பதற்காக யாரையாவது போடாதீர்கள். அன்று அப்படிப் பேசியவரிடம் தனியாக, டீ குடிக்கும்போது, நேரடியாகவே சொல்லுங்கள்: ‘சார், நீங்க நல்ல எண்ணத்துலதான் சொன்னீங்க. ஆனா அந்தப் பொண்ணு அப்புறம் வரலை.’ பெரும்பாலானவர்களுக்கு அந்த இரண்டாவது வாக்கியமே போதும். எவால்யுவேட்டர்களை மதிப்பிடுவதற்கென்றே ஜெனரல் எவால்யுவேட்டர் என்று ஒருவர் இருக்கிறார். இனி அந்த ரோல் எடுப்பவரிடம், இந்த மாதிரி நடந்தால் அன்றைக்கே மென்மையாகச் சுட்டிக்காட்டச் சொல்லி வையுங்கள்.

அந்தப் பெண்ணுக்கு இந்த வாரமே ஃபோன் செய்யுங்கள். மெசேஜ் வேண்டாம். ‘ஏன் வரலை’ என்று கேட்கவும் வேண்டாம், அவள் ஏதாவது சாக்கு சொல்ல வேண்டியதாகிவிடும். நடந்தது சரியில்லை, கிளப் சார்பில் வருத்தப்படுகிறேன் என்று சொல்லுங்கள். அவள் பேச்சில் உங்களுக்குப் பிடித்த ஓர் இடத்தை நினைவுபடுத்துங்கள். அடுத்த பேச்சுக்குக் கூட இருந்து உதவ ஒரு மென்ட்டாரைப் பெயர் சொல்லிக் காட்டுங்கள். வருவதும் வராததும் அவள் விருப்பம்.

உச்சரிப்பு விஷயத்தில் எனக்கு இன்னும் சொல்ல வேண்டியிருக்கிறது. சென்னையில் இந்த மாதிரி கிளப்புக்கு வருகிறவர்களில் பலர் தமிழ் மீடியத்தில் படித்து, ஆபீஸ் மீட்டிங்கில் வாய் திறக்கத் தயங்குகிறவர்கள். அவர்களுக்குச் சொல்ல விஷயம் இருக்கிறது. ஆங்கிலத்தில் தப்பு வந்துவிடுமோ என்ற பயம்தான் தொண்டையை அடைக்கிறது. 1918-ல் இதே ஊரில் மெட்ராஸ் லேபர் யூனியன் தொடங்கியபோது, தலைவர் வாடியா ஆங்கிலத்தில் பேச, அதைத் தமிழில் எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது. திரு.வி.க. ஆலைத் தொழிலாளர்களிடம் நேராகத் தமிழிலேயே பேசினார். மேடைத் தமிழ் வளர்ந்த கதையில் அவருக்குப் பெரிய இடம் உண்டு. பேச்சுத் திறமையை ஆங்கிலத்தால் அளக்க வேண்டிய அவசியம் இந்த ஊருக்கு எப்போதும் இருந்ததில்லை. உங்கள் கிளப் ஆங்கிலத்தில் நடக்கட்டும், தப்பில்லை. ஆனால் திடீரென்று கேட்கும் கேள்விக்குத் தயாரிப்பில்லாமல் பேசும் டேபிள் டாபிக்ஸில் கெஸ்ட் யாராவது தமிழில் பேசட்டுமா என்று கேட்டால் தாராளமாகப் பேசச் சொல்லுங்கள். பாத்வேஸ் பாடத்திட்டம் தமிழிலும் இருக்கிறது, தமிழில் நடக்கும் கிளப்புகளும் இருக்கின்றன. இது தெரியாமலே பலர் ஒதுங்கிப் போகிறார்கள்.

சரி, ரோல் பிரச்சினைக்கு வருவோம்.

வாட்ஸ்அப் குரூப்பில் ‘சண்டே ரோல்ஸ் ப்ளீஸ் வாலண்டியர்’ என்று போடுகிறீர்கள், இல்லையா? நான்கு பேர் கட்டைவிரல் காட்டுவார்கள், ஒருவரும் பெயர் கொடுக்க மாட்டார்கள். எல்லோரிடமும் கேட்பது யாரிடமும் கேட்காததற்குச் சமம். ஒரு நோட்டு போடுங்கள். ஒவ்வொரு உறுப்பினருக்கும் ஒரு பக்கம். எதற்காகக் கிளப்பில் சேர்ந்தார், கடைசியாக எப்போது பேசினார், பாத்வேஸில் எந்த லெவலில் நிற்கிறார், அடுத்து என்ன செய்தால் அது முடியும், இவ்வளவுதான். எதற்காகச் சேர்ந்தார் என்று தெரியாவிட்டால் கேளுங்கள். ஒருவர் டீம் லீடர் ஆகப்போகிறார், இன்னொருவருக்கு மகள் கல்யாணத்தில் நாலு வார்த்தை பேச வேண்டும், வேறொருவருக்கு இன்டர்வியூ. இது தெரிந்த பிறகு நீங்கள் கேட்கும் விதமே மாறிவிடும்.

‘சார், டைமர் ரோல் காலியா இருக்கு, எடுத்துக்கிறீங்களா?’ என்று கேட்டால் அது உங்கள் கஷ்டம். ‘சார், போன மாசம் இன்டர்வியூல திடீர்னு கேட்டா பதில் வரலைன்னு சொன்னீங்களே, 21-ஆம் தேதி டேபிள் டாபிக்ஸ் மாஸ்டரா இருங்க. பத்து கேள்வி நீங்களே தயார் பண்ணுங்க, கேள்வி எப்படி வரும்னு பிடிபடும்’ என்று சொன்னால் அது அவருடைய தேவை. இரண்டாவது ஃபோனுக்கு மறுப்பு வருவது அபூர்வம். மறுத்தாலும் ஏன் என்று உண்மையான காரணம் கிடைக்கும்.

அடுத்த மூன்று கூட்டங்களுக்கான பட்டியலை இப்போதே நிரப்ப ஆரம்பியுங்கள். வர முடியாதவர் தனக்குப் பதில் ஆளைத் தானே கேட்டு வைத்துவிட்டுத்தான் சொல்ல வேண்டும் என்பதைத் தலைவர் வாயால் கூட்டத்தில் அறிவிக்கச் சொல்லுங்கள், நீங்கள் சொல்லாதீர்கள். புதன்கிழமை ஒரு தடவை உறுதி செய்துகொள்ளுங்கள். அதற்குப் பிறகும் சனிக்கிழமை ராத்திரி ஒருவர் கழன்றுகொண்டால், அந்த இடம் காலியாகவே இருக்கட்டும். ஆமாம், காலியாக. மூன்று பேச்சுக்குப் பதில் இரண்டு பேச்சு வையுங்கள். பேச்சில் வரும் ‘ஆ’, ‘ம்’ எண்ணும் ஆ கவுண்ட்டர் வேலையையும் கிராமேரியன் வேலையையும் ஒருவரே பார்க்கட்டும். கிராமேரியன் இல்லாமல் ஒரு கூட்டம் நடந்தால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது. நீங்கள் ஓடி ஓடி மூன்று ரோல் செய்கிறவரை, ஆள் குறைகிறது என்பதே மற்றவர்களுக்குத் தெரியாது. ஏஜெண்டாவில் வெற்றிடம் அப்படியே தெரியும்போதுதான் ‘நான் பார்க்கட்டுமா?’ என்று ஒருவர் எழுவார்.

பேச எழுந்தால் உட்காராத அந்தப் பெரியவர் விஷயம் சிக்கலே இல்லை. தயார் செய்த பேச்சுக்கு டைமர் 5 நிமிடத்தில் பச்சை, 6-ல் மஞ்சள், 7-ல் சிவப்பு காட்டுவார். அதற்கு மேல் முப்பது வினாடி. அது தாண்டினால் கூட்டத்தை நடத்துபவர் எழுந்து நின்று கைதட்ட ஆரம்பிக்கலாம், சபையும் சேர்ந்துகொள்ளும். யாருக்கும் மரியாதைக் குறைவு இல்லை. இப்படிச் செய்யப்போகிறோம், எல்லோருக்கும் ஒரே விதி என்று அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அவருக்குப் பேச ஆசை, அனுபவம் இருக்கிறது. எவால்யுவேஷன் எப்படிச் செய்வது என்று இருபது நிமிடப் பயிற்சி ஒன்றை அவரையே நடத்தச் சொன்னால் என்ன? கிளப்புக்கு இப்போது தேவையும் அதுதான்.

மற்ற பொறுப்பாளர்கள் பெயருக்கு இருக்கிறார்கள் என்கிறீர்கள். கிளப்பில் ஏழு பொறுப்புகள்: தலைவர், மூன்று துணைத் தலைவர்கள், செயலாளர், பொருளாளர், சார்ஜென்ட் அட் ஆர்ம்ஸ். இவர்கள் ஏழு பேரும் ஜூலைக்குப் பிறகு ஒரு தடவையாவது ஒரே மேஜையில் உட்கார்ந்தீர்களா? உட்காரவில்லை என்றுதான் உங்கள் கடிதத்தைப் படித்தால் தோன்றுகிறது. தன் வேலை என்ன என்றே பாதிப் பேருக்குத் தெரிந்திருக்காது. மே மாதத் தேர்தலில் ‘சும்மா பெயர் குடுங்க, நாங்க பாத்துக்கிறோம்’ என்று யாரோ சொல்லியிருப்பார்கள். தலைவரிடம் சொல்லி ஒரு மாலை நேரம் கூட்டச் சொல்லுங்கள். அங்கே புகார் வேண்டாம். ஒவ்வொருவருக்கும் அடுத்த இரண்டு வாரத்துக்கு ஒரே ஒரு வேலை, தேதியோடு. வகுப்பறைச் சாவி, பேனர், டைமர் கார்டு எல்லாம் சார்ஜென்ட் அட் ஆர்ம்ஸ் பொறுப்பு. அதையும் நீங்கள்தான் சுமக்கிறீர்கள் என்று என் மனசு சொல்கிறது. முதலில் அதை ஒப்படையுங்கள். நவம்பரில் இருந்து பிப்ரவரிக்குள் பொறுப்பாளர் பயிற்சியின் இரண்டாவது சுற்று வரும். நான்கு பேராவது போக வேண்டும்; கிளப்பின் ஆண்டு இலக்குகளில் அதுவும் கணக்கில் வரும். ஒரே காரில் சேர்ந்து போங்கள். அந்தப் பயணத்திலேயே பாதி விஷயம் பேசித் தீர்த்துவிடலாம்.

கிளப் மூடிவிடுமோ என்ற பயத்துக்கு இப்போதைக்கு இடமில்லை. புதிதாகத் தொடங்கத்தான் 20 பேர் வேண்டும். நடக்கிற கிளப் நல்ல நிலையில் தொடர, 8 பேர் சந்தா கட்டினால் போதும், அதில் குறைந்தது 3 பேர் பழைய உறுப்பினர்களாக இருக்க வேண்டும். உங்களிடம் தவறாமல் வருகிறவர்களே 10 பேர். வராத 12 பேரைப் பொருளாளரும் உறுப்பினர் விவகாரம் பார்க்கும் துணைத் தலைவரும் பிரித்துக்கொண்டு பேசட்டும். ‘டியூஸ் கட்டுங்க’ என்பது இரண்டாவது பேச்சாக இருக்கட்டும். முதலில், வந்தால் அவருக்கு எந்தத் தேதியில் என்ன பேச்சு என்று உங்கள் நோட்டைப் பார்த்துச் சொல்லட்டும். தொடர விருப்பமில்லாதவரை நன்றி சொல்லி அனுப்புங்கள். 14 பேர் உள்ள உயிரோட்டமான கிளப், 22 பேர் பட்டியலைவிட மேல்.

கெஸ்ட் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. உள்ளே வந்தவுடன் பக்கத்தில் உட்கார ஒருவர், முடிவில் ‘எப்படி இருந்தது’ என்று கேட்க ஒருவர், திங்கட்கிழமை ஒரு ஃபோன். இதைக்கூட நீங்கள் செய்யக் கூடாது. உறுப்பினர் துணைத் தலைவர் எதற்கு இருக்கிறார்?

ராஜினாமா வேண்டாம் என்பது என் கருத்து. நீங்கள் இதுவரை செய்தது வி.பி.இ. வேலையே இல்லை, ஏழு பேர் வேலை. உங்கள் வேலையை மட்டும் டிசம்பர் வரை செய்து பாருங்கள். அப்போதும் தாங்காது என்றால் தலைவரிடம் சொல்லி, நோட்டை அடுத்தவர் கையில் கொடுத்துவிட்டு முறையாக விலகுங்கள், அதில் ஒரு குறையும் இல்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன். கடிதத்தில் எல்லோருடைய பேச்சும் இருக்கிறது, உங்கள் பேச்சு ஒன்றுகூட இல்லை. கை நிறைய ரோல் வைத்திருக்கும்போது எங்கே பேசுவது! நோட்டில் உங்களுக்கும் ஒரு பக்கம் போடுங்கள். நவம்பர் முதல் கூட்டத்தில் முதல் பேச்சாளர் நீங்கள்தான் என்று ஏஜெண்டாவில் எழுதி, உங்களை எவால்யுவேட் செய்ய யார் வேண்டும் என்று இப்போதே கேட்டு வையுங்கள்.