நைஜீரியாவில் உள்நாட்டுப் போர் முடிந்ததும் ராக் குழுக்கள் பெருகியது எப்படி?

கேட்க வேடிக்கையாக இருக்கும், ஒரு முக்கியக் காரணம் ராணுவம். 1970 ஜனவரியில் தனி நாடாகப் பிரிந்து போரிட்ட கிழக்குப் பகுதியான பியாஃப்ரா சரணடைந்தபோது அங்கே பசியும் வேலையின்மையும்தான் மிச்சம். கிட்டார், ஆம்ப்ளிஃபையர் வாங்கப் பையன்களிடம் காசு ஏது? முகாமில் இருந்த சிப்பாய்களுக்கோ பொழுதுபோக வேண்டும். அதனால் ராணுவமே குழுக்களை வைத்துக்கொண்டது. ஆபா நகரின் ‘ஃபங்கீஸ்’ அப்படி ராணுவக் குழுவாக உருவானதுதான். 1973இல் லண்டனுக்கே போய்விட்டது.

லாகோஸ் கதை வேறு. அங்கே கொடிகட்டிப் பறந்த ஹைலைஃப் என்ற நடன இசையின் கலைஞர்களில், கிழக்கைச் சேர்ந்த இக்போ இனத்தவர் பலர் போரால் ஊரைவிட்டுப் போக, அந்த இடத்தை ஆஃப்ரோபீட், ஜுஜு என்ற நைஜீரிய இசை வகைகளோடு ராக்கும் பிடித்தது. செயின்ட் கிரிகரிஸ் கல்லூரிப் பள்ளி மாணவர்களின் ‘ஒஃபேகே’ 1973இல் முதல் ஆல்பம் போட்டது. கரகரக்கும் ஃபஸ் கிட்டாருக்கு அடியில் ஆப்பிரிக்கத் தாளம் ஓடும். என்னைக் கேட்டால், முதலில் கேட்க வேண்டியது இவர்களைத்தான்.