மூட்டுக்காரி

அன்புள்ள ஐயா,

அம்மாவுக்கு முழங்கால் வலி. சீட்டில் 'ஆஸ்டியோ ஆர்த்ரைட்டிஸ்' என்று எழுதிய டாக்டர், "ஐட்டிஸ் என்று முடிந்தால் அழற்சி, அது கிரேக்கம்" என்றார். அம்மாவின் முட்டியிலோ வீக்கமும் இல்லை, சிவப்பும் இல்லை. கிரேக்கத்தில் அந்த விகுதிக்கு அதுதான் பொருளா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

டாக்டர் சொன்னது இன்றைய மருத்துவத்துக்குச் சரி. பழைய கிரேக்கரிடம் சொன்னால் முழித்திருப்பார்.

நம் 'காரன், காரி' மாதிரிதான் அந்த விகுதி. 'பொலிஸ்' என்றால் நகரம். அதைச் சேர்ந்தவன் 'பொலீட்டெஸ்', குடிமகன். பெண்ணானால் 'பொலீட்டிஸ்'. உங்கள் அம்மாவின் சீட்டில் இருப்பது இந்தப் பெண்பால் 'ஈட்டிஸ்'தான். ஆங்கிலத்தின் வாயில் புகுந்து 'ஐட்டிஸ்' ஆகிவிட்டது. ஏதென்ஸ் குடிமகளுக்கு எந்த அழற்சியும் கிடையாது!

சரி, நோய்க்கு ஏன் பெண்பால்? நோயைக் குறிக்கும் 'நோசொஸ்' என்ற சொல் கிரேக்கத்தில் பெண்பால். 'ஒஸ்' என்று முடிவதால் பார்க்க ஆண்பால் மாதிரி இருக்கும். கிரேக்கம் படிக்கத் தொடங்குபவர்கள் எல்லோரும் வழுக்கி விழும் இடம் இது. 'ஆர்த்ரொன்' என்றால் மூட்டு. ஆக 'ஆர்த்ரீட்டிஸ் நோசொஸ்' என்பது மூட்டைச் சேர்ந்த நோய், மூட்டுக்காரி. போகப்போக 'நோசொஸ்' உதிர்ந்து முதல் சொல் மட்டும் நின்றது. நாமும் "அவருக்குச் சர்க்கரை" என்று நிறுத்திக்கொள்கிறோமே, அப்படி.

பழைய கிரேக்க மருத்துவர் ஹிப்போகிரட்டீஸ் பெயரில் வரும் நூல்களிலேயே இத்தகைய நோய்ப் பெயர்கள் உண்டு. அழற்சி என்ற பொருளை அந்த விகுதியில் நிலையாக ஏற்றியது பிற்கால ஐரோப்பிய மருத்துவம். அப்புறம் எதோடும் ஒட்டலாம் என்றாகிவிட்டது. 1886இல் பாஸ்டன் மருத்துவர் ரெஜினால்ட் ஃபிட்ஸ் குடல்வால் அழற்சிக்கு 'அப்பெண்டிசைட்டிஸ்' என்று பெயர் வைத்தார். சொல்லின் உடல் லத்தீன், வால் கிரேக்கம். எனக்கு இந்தக் கலப்பில் புகார் இல்லை. 'ரயிலடி' என்று சொல்பவர்கள்தானே நாம்.

அம்மாவின் முட்டி விஷயத்தில் உங்கள் சந்தேகம் நியாயமானது. அது முதன்மையாகக் குருத்தெலும்பு தேய்கிற நோய். அதனால்தான் ஜெர்மானியர்களும் பிரெஞ்சுக்காரர்களும் அழற்சி விகுதியை விட்டுவிட்டு, 'ஓசிஸ்' என்ற வேறொரு கிரேக்க விகுதியிலிருந்து வந்த 'ஆர்த்ரோஸ்' என்ற பெயரால் அதை அழைக்கிறார்கள்.