கடல் வற்றும் நேரம் பார்த்துக் கிளம்புங்கள்

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: கலிஃபோர்னியாவில் ஃப்ரீமாண்டில் இருக்கிறோம். பிள்ளைகளுக்கு 4 வயது, 9 வயது. மாஸ் பீச்சில் உள்ள ஃபிட்ஸ்ஜெரால்டு கடல் காப்பகத்துக்கு ஒரு சனிக்கிழமை மதியம் போனோம். நட்சத்திர மீனெல்லாம் இருக்கும் என்றார்கள். பாறையே கண்ணில் படவில்லை, வெறும் அலைதான். எப்போது போக வேண்டும்?

பதில்: நீங்கள் போன இடம் சரிதான், நேரம்தான் தவறிவிட்டது. அங்குள்ள பாறைத்தளம் தாழ் ஓதத்தில், அதாவது கடல் மட்டம் இறங்கி நிற்கும் நேரத்தில் மட்டுமே வெளியே தெரியும். ஓத அட்டவணையில் நீர்மட்டம் 1 அடிக்குக் கீழே இறங்கும் நாளாகப் பாருங்கள். 0-க்கும் கீழே, கழித்தல் குறியோடு இருந்தால் இன்னும் நல்லது. வீட்டு நாள்காட்டியிலேயே பாதி வேலை முடிந்துவிடும்: அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாலைந்து நாட்களில்தான் கடல் நன்றாக வற்றும்.

இந்தக் கரையில் ஒரு நாளில் இரண்டு முறை வற்றினாலும் இரண்டும் ஒரே அளவு இல்லை. ஆழமாக வற்றுவது வசந்தத்திலும் கோடையிலும் அதிகாலையில் வரும். நவம்பர் முதல் பிப்ரவரி வரை பிற்பகலில் வரும். காப்பகம் காலை 8 மணிக்குத்தான் திறக்கிறது. ஆகவே கோடையில் 5 மணிக்கு வற்றும் நாள் உங்களுக்கு உதவாது. நேரம் நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும் என்பதால், வியாழனன்று 7 மணிக்கு வற்றினால் சனிக்கிழமை 8:40 வாக்கில் வற்றும். மட்டம் கொஞ்சம் மாறியிருக்கும், அதையும் பாருங்கள். காலையில் பிள்ளைகளைக் கிளப்புவது பெரும்பாடு என்றால் குளிர்காலப் பிற்பகலே வசதி. ஆனால் அப்போது அலை பெரிது, சூரியன் மறைந்ததும் காப்பகத்தை மூடிவிடுவார்கள்.

பலர் தவறுவது அட்டவணையில்தான். சான் ஃபிரான்சிஸ்கோ நேரத்தைப் பார்த்துக் கிளம்புகிறார்கள். திறந்த கடற்கரையில் ஓதம் அதைவிடச் சுமார் ஒரு மணி நேரம் முந்திவிடும். அட்டவணையில் 'பில்லர் பாயிண்ட் துறைமுகம்' என்ற ஓத நிலையத்தைத் தேர்ந்தெடுங்கள். கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்தள்ளும் மாற்றம் சேர்த்த நேரம்தானா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். தாழ் ஓதத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால் பாறையில் இறங்கி, தண்ணீர் திரும்பி ஏறத் தொடங்கியதும் கரைக்கு வந்துவிடுவதுதான் கணக்கு.

பாறையில் பச்சையாக மெல்லிய பாசி படர்ந்திருந்தால் அது எண்ணெய் தடவிய தரை மாதிரி. கொட்டலசு (பாறையில் ஒட்டி வாழும் சிறு ஓட்டு உயிர்) அப்பிய சொரசொரப்பான இடத்தில் கால் பிடிக்கும். செருப்பும் க்ராக்ஸும் வேண்டாம். நாடா கட்டும் பழைய ஷூ போடுங்கள். மாற்று ஷூவும் காலுறையும் காரில் இருக்கட்டும்.

குட்டை ஓரத்தில் மணலும் கிளிஞ்சல் துணுக்கும் ஒட்டிய ஈரமான உருண்டைகள் நெருக்கமாகக் கிடக்கும். அழுக்குச் சேறு என்று மிதித்துவிடாதீர்கள். நீர் வற்றியபின் காய்ந்துபோகாமல் இருக்கச் சுருங்கிக்கொண்ட கடல் சாமந்திகள் அவை. அந்தத் துணுக்குகள்தான் வெயிலுக்குப் போர்வை. கால் பட்டால் உள்ளே வைத்திருக்கும் நீரைப் பீய்ச்சிவிடும். பக்கத்துக் குட்டையில் தண்ணீருக்குள் இருப்பது இதழ் விரித்திருக்கும். பிள்ளையை உட்காரவைத்து இரண்டையும் காட்டுங்கள். நட்சத்திர மீனைப் பிடுங்கிப் பார்க்கவே கூடாது. பாறையைப் பற்றியிருக்கும் அதன் குழாய்க்கால்கள் அறுந்துவிடும். கிளிஞ்சல், கல் எதையும் எடுத்துவரவும் அனுமதி இல்லை. கடல்நாய்கள் படுத்திருந்தால் 100 மீட்டராவது விலகி நில்லுங்கள்.

கேள்வி: மெரினாவில் கால் நனைத்துப் பழகிய மாமியார் இங்கேயும் இறங்க ஆசைப்படுகிறார். முழங்கால் வலி உண்டு. அழைத்துப் போகலாமா?

பதில்: தாராளமாக அழைத்துப் போங்கள், பாறைக்கு மட்டும் வேண்டாம். மாஸ் பீச்சுக்குத் தெற்கே உள்ள ஹாஃப் மூன் பேவில் கடலை ஒட்டித் தார் போட்ட சமதளப் பாதை இருக்கிறது. அங்கே மெல்ல நடக்கலாம், தள்ளுவண்டியும் போகும்.

கால் நனைப்பதில்தான் கண்டிப்பாக இருக்கச் சொல்கிறோம். தண்ணீர் பெரும்பாலும் 10 முதல் 15 டிகிரி செல்சியஸ்தான். குளிரை விடவும் பயப்பட வேண்டியது திடீரென்று உயர்ந்து வரும் அலைக்கு. பத்துப் பதினைந்து நிமிடம் கடல் அமைதியாக இருக்கும், பிறகு ஓர் அலை மற்றவற்றைவிட வெகுதூரம் மணலில் ஏறும். திரும்பும்போது காலடி மணலையும் சேர்த்து இழுக்கும். சரிவான கரையில் பெரியவர்களால் நிலைகொள்ள முடியாது. வந்ததும் 20 நிமிடம் மேலே நின்று கவனியுங்கள். ஈர மணல் எதுவரை இருக்கிறதோ அதற்கும் மேலே நாற்காலி போடுங்கள். படம் எடுக்கக் கடலுக்கு முதுகு காட்டி நிற்பதை அடியோடு விட்டுவிடுங்கள்.

கேள்வி: ஜூலையில் வீட்டில் 32 டிகிரி. கடற்கரைக்குப் போனால் பனிமூட்டமும் நடுக்கமும். ஏன் இப்படி?

பதில்: கோடையில் வடமேற்குக் காற்று மேல்நீரைக் கரையிலிருந்து தள்ள, ஆழத்திலிருந்து குளிர்ந்த நீர் மேலே வருகிறது. அதன்மேல் படியும் ஈரக்காற்று மூட்டமாகிறது. உட்பகுதி சூடாகும்போது காற்று மேலெழ, அந்த மூட்டத்தைக் கரைக்கு இழுக்கிறது. உங்கள் வீட்டு வெயிலும் அதற்கு ஒரு காரணம். செப்டம்பர், அக்டோபரில்தான் வானம் தெளியும். எந்த மாதமானாலும் காது மூடும் குல்லாவும் காற்றுத் தடுக்கும் மேற்சட்டையும் ஆளுக்கொன்று வேண்டும்.

கேள்வி: பாறையில் மட்டி கொத்துக் கொத்தாக இருக்கிறதே, பறித்துச் சமைக்கலாமா?

பதில்: ஃபிட்ஸ்ஜெரால்டில் கூடவே கூடாது, அது முழுக் காப்புப் பகுதி. அனுமதியுள்ள மற்றக் கரைகளில் 16 வயது நிரம்பியவர்களுக்கு மீன்பிடி உரிமம் வேண்டும். அப்போதும் மே 1 முதல் அக்டோபர் 31 வரை தொடாதீர்கள். மட்டி வடிகட்டித் தின்னும் நுண்பாசிகளின் நஞ்சு அதன் உடலில் சேரும் காலம் அது. எவ்வளவு கொதிக்கவைத்தாலும் அந்த நஞ்சு போகாது. வாய் மரத்துப்போவதில் தொடங்கி மூச்சு வரை பாதிக்கும். குழம்பு ஆசை இருந்தால், பருவத்தில் பில்லர் பாயிண்ட் துறைமுகத்தில் படகிலேயே டங்கனஸ் நண்டு கிடைக்கும்.

கேள்வி: வழியும் சாப்பாடும்?

பதில்: சான் மட்டேயோ பாலம் ஏறி 92 சாலையிலேயே ஹாஃப் மூன் பே போய்ச் சேரலாம். 280 நெடுஞ்சாலையைத் தாண்டியபின் பெரும்பாலும் ஒருவழிக்கு ஒரு தடம்தான். சனி, ஞாயிறு காலை 10 மணிக்குள் கடந்துவிடுங்கள். அக்டோபரில் பரங்கிக்காய்த் தோட்டங்களுக்கு வரும் கூட்டத்தால் வண்டி நகரவே நகராது. 92 அடைத்துக்கொண்டால் கைபேசி 84 சாலை வழியைக் காட்டும். வளைவுகள் அதிகம், பின் இருக்கையில் பிள்ளைகள் வாந்தி எடுப்பார்கள். தெற்கே பிஜன் பாயிண்ட் கலங்கரை விளக்கம் வரை, ஏறத்தாழ 20 மைல், போவதானால் பெட்ரோலை ஹாஃப் மூன் பேவிலேயே நிரப்புங்கள், வரைபடத்தையும் இறக்கிக்கொள்ளுங்கள். வழியில் சிக்னல் விட்டு விட்டு வரும். 1872-இல் ஏற்றப்பட்ட அந்த விளக்கின் 115 அடிக் கோபுரத்தில் ஏறவிடுவதை 2001-இல் நிறுத்தினார்கள்.

சாப்பாட்டுக்குப் புளியோதரையும் எலுமிச்சைச் சாதமும் போதும். தயிர்சாதத்தைப் பனிக்கட்டிப் பெட்டியில் வையுங்கள், மூடிய காருக்குள் புளித்துவிடும். ஒரு பிளாஸ்க் நிறைய வெந்நீரும் எடுத்துக்கொள்ளுங்கள்: விறைத்த கைக்குத் தேநீர், உப்புநீரில் நனைந்த சின்னவனின் காலைக் கழுவ மிச்சம்.