ஒரே வீடு, ஒரே சாப்பாடு. எனக்கு மட்டும் ஏன் அடிக்கடி சளி?

கேள்வி: எனக்கு 36 வயது. குழந்தைக்குச் சளி பிடித்தால் அடுத்தது நான்தான்; கணவருக்கு ஒன்றும் ஆவதில்லை. தடுப்பூசி போட்டால் எனக்கு இரண்டு நாள் காய்ச்சல், அவர் மறுநாளே வேலைக்குப் போய்விடுகிறார். ரத்தப் பரிசோதனையில் எனக்கு வெள்ளையணு 5,200, அவருக்கு 9,400. எனக்கு எதிர்ப்பு சக்தி குறைவா? மாத்திரை ஏதாவது சாப்பிட வேண்டுமா?

பதில்: நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் குறைவு என்று சொல்ல எந்தக் காரணமும் இல்லை.

முதலில் ரத்த ரிப்போர்ட். வெள்ளையணு ஒரு மைக்ரோலிட்டருக்கு சுமார் 4,000 முதல் 11,000 வரை இருக்கலாம். உங்கள் கணவர் புகைபிடிப்பவராக இருந்தால் அதனாலேயே எண்ணிக்கை ஏறும். ஓடி வந்து மூச்சு வாங்க ரத்தம் கொடுத்தாலும் ஏறும். எந்தக் கிருமியை அந்த அணுக்கள் ஏற்கெனவே பார்த்துப் பழகியிருக்கின்றன என்பது இந்த ரிப்போர்ட்டில் வராது, உங்கள் கேள்விக்குத் தேவையானதோ அதுதான்.

அதில்தான் ஆளுக்கு ஆள் இவ்வளவு வித்தியாசம். ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2015-இல் 210 ஆரோக்கியமான இரட்டையரின் ரத்தத்தில் எதிர்ப்பு மண்டலம் தொடர்பான 204 அளவுகளை எடுத்துப் பார்த்தார்கள். அவற்றில் 77 சதவீதத்தில் பரம்பரையை விட மற்ற காரணங்களின் பங்கே அதிகமாக இருந்தது. சைட்டோமெகலோ என்றொரு வைரஸ் பெரும்பாலும் அறிகுறியே இல்லாமல் உள்ளே வந்து ஆயுளுக்கும் தங்கிவிடும். ஒரே மரபணு கொண்ட இரட்டையரில் ஒருவருக்கு அது இருந்து மற்றவருக்கு இல்லையென்றால், அந்த அளவுகளில் பாதிக்கு மேல் மாறிப்போயிருந்தன. இரட்டையர் நிலையே இப்படி என்றால், வேறு வேறு வீட்டில் வளர்ந்த நீங்கள் இருவரும் ஒரே மாதிரி இருக்க எப்படி முடியும்? இன்னொன்றும் சொல்ல வேண்டும்: 2016-இல் பெல்ஜியத்தையும் பிரிட்டனையும் சேர்ந்த ஆய்வாளர்கள் 670 பேரைப் பார்த்ததில், சேர்ந்து குழந்தை வளர்க்கும் தம்பதிகளிடையே இந்த வித்தியாசம் மற்றவர்களோடு ஒப்பிடும்போது பாதியாகக் குறைந்திருந்தது.

அப்புறம் அந்தக் காய்ச்சல். மூக்கு ஒழுகுவது, உடம்பு வலி, காய்ச்சல் எல்லாம் பெரும்பாலும் உங்கள் எதிர்ப்பு மண்டலம் வேலை செய்வதால் வருபவை. உங்கள் கணவருக்கும் அதே வைரஸ் தொற்றி, அறிகுறி இல்லாமலே போயிருக்கலாம். அதற்காக, காய்ச்சல் வராத அவருக்கு ஊசி வேலை செய்யவில்லை என்றும் நினைக்க வேண்டாம். ஃபைசர் கோவிட் தடுப்பூசியின் பெரிய பரிசோதனையில் பெரும்பாலானவர்களுக்குக் காய்ச்சலே வரவில்லை, பாதுகாப்போ சுமார் 95 சதவீதம். ஊசி உண்மையிலேயே வேலை செய்யாமல் போவதும் உண்டு: ஹெபடைடிஸ் பி ஊசியை முழுதாகப் போட்ட ஆரோக்கியமான பெரியவர்களில் 5 முதல் 10 சதவீதம் பேருக்குப் போதுமான எதிர்ப்பொருள் (கிருமியை எதிர்க்க உடல் உருவாக்கும் புரதம்) உருவாவதில்லை. பார்த்தால் தெரியாது. அதனால் மருத்துவமனையில் வேலை செய்பவர்கள் கடைசி ஊசி போட்டு ஒன்றிரண்டு மாதத்தில் ரத்தத்தில் அதை அளந்து பார்ப்பது நல்லது.

சரி, சளிக்கு வருவோம். பெரியவர்களுக்கு வருடத்துக்கு இரண்டு மூன்று முறை சளி பிடிப்பது சாதாரணம், சின்னக் குழந்தை உள்ள வீட்டில் இன்னும் கூடும். குழந்தையின் மூக்கைத் துடைப்பதும், இருமும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ராத்திரி விழித்திருப்பதும் யார்? நீங்கள்தான் என்றால், கிருமியும் உங்களுக்கே அதிகம், தூக்கமும் உங்களுக்கே குறைவு. 164 பேர் மூக்கில் சளி வைரஸை விட்டுப் பார்த்த ஒரு ஆய்வில், 6 மணி நேரத்துக்கும் குறைவாகத் தூங்கியவர்களுக்கு, 7 மணி நேரத்துக்கு மேல் தூங்கியவர்களை விடச் சளி பிடிக்கும் வாய்ப்பு நான்கு மடங்குக்கும் மேல் இருந்தது. ராத்திரி முறையை இருவரும் பங்கு போட்டுக்கொள்ளுங்கள், எந்த மாத்திரையை விடவும் நான் இதைத்தான் முதலில் சொல்வேன். எதிர்ப்பு சக்தி கூடும் என்று விற்கும் பொடி, மாத்திரைக்குச் செலவு செய்யாதீர்கள்; சத்துக் குறைபாடு பரிசோதனையில் தெரிந்தால் அதற்கு மட்டும் மருந்து போதும். காய்ச்சலே இல்லாமல், காலையில் எழுந்ததும் அடுக்கடுக்காகத் தும்மலும் மூக்கு அரிப்பும் வாரக்கணக்கில் இருந்தால் அது அலர்ஜியாக இருக்கலாம், வைத்தியமே வேறு.

ஒரே வருடத்தில் இரண்டு முறை நிமோனியா, திரும்பத் திரும்ப ஆழமான சீழ்க்கட்டி, வாயில் ஆறாத வெள்ளைப் பூஞ்சை, காரணமில்லாமல் எடை இறங்குவது: இவற்றில் ஒன்று இருந்தாலும் தள்ளிப்போடாமல் பொது மருத்துவரைப் பாருங்கள். சர்க்கரை, எச்.ஐ.வி., இம்யூனோகுளோபுலின் (ரத்தத்தில் உள்ள எதிர்ப்பொருள்) அளவுகள் பார்க்க வேண்டுமா என்று அவர் முடிவு செய்வார்.