கேள்வி-பதில்: மரம் அரிகிற பிளேட்டும் அதன் பல்லும்

வளவுக்கே இழுத்துக்கொண்டு வந்து மரம் அரிகிற நாடா வாள் மெஷின் பற்றி இந்த முறை கடிதங்கள் குவிந்துவிட்டன. இரண்டு முனையையும் ஒட்டி வளையமாக்கி, இரண்டு சக்கரத்தைச் சுற்றி ஓடவிடுகிற பல்லுள்ள உருக்கு நாடாதான் இதன் பிளேட். மிக்சி, தண்ணீர் மோட்டர் கேட்டவர்கள் அடுத்த கிழமை வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

மெஷின் புதிதாக வாங்கியிருக்கிறேன். எந்த பிளேட் நல்லது? ஒவ்வொரு கடையிலும் ஒவ்வொரு கதை சொல்கிறார்கள். (சாவகச்சேரி)

எந்த மரம் அரியப் போகிறீர்கள் என்று எழுதவில்லையே தம்பி. அதைச் சொல்லாமல் பிளேட் கேட்பது, காலைக் காட்டாமல் செருப்புக் கேட்கிற மாதிரி.

முதலில் மெஷினோடு வந்த புத்தகத்தைப் பாருங்கள். நீளம் அதில் எழுதியிருக்கும். சிறிய, நடுத்தர மெஷின்களுக்குப் பொதுவாக ஒன்றேகால் இஞ்சி அகலம், 0.042 அல்லது 0.045 இஞ்சி தடிப்பு, பல்லுக்குப் பல் முக்கால் அல்லது 7/8 இஞ்சி இடைவெளி. தடிப்புக் கூடினால் நெடுநாள் உழைக்கும் என்று 0.055 இஞ்சி பிளேட்டைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள். தடித்த பிளேட் சின்னச் சக்கரத்தில் சுற்றும்போது ஒவ்வொரு சுற்றிலும் கூடுதலாக வளைந்து நிமிர்கிறது, அதனால் சீக்கிரம் வெடிக்கிறது. பெரிய சக்கரமும் குதிரைவலுக் கூடிய எஞ்சினும் இருந்தால் மட்டும் அதை யோசியுங்கள்.

அப்புறம் பல்லின் முன்சாய்வு, அதாவது பல்லின் முகம் முன்னுக்கு எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பது. பச்சை மா, வேம்பு, மகோகனி என்றால் 10 பாகை போதும். காய்ந்த பாலை, முதிரை என்றால் 7, அதையும் விட இறுகிய மரத்துக்கு 4. முதலில் ஒவ்வொரு வகையிலும் இரண்டு மட்டும் வாங்கி அரிந்து பாருங்கள்.

மலிவாகக் கிடைத்ததென்று 20 பிளேட் ஒரேயடியாக வாங்கினேன். நீளம் 4 இஞ்சி கூடிப்போயிற்று. கடைக்காரர் திருப்பி எடுக்கமாட்டாராம். என்ன செய்யலாம்? (கொக்குவில்)

அளந்து பார்க்காமல் 20 வாங்கியது நீங்கள்தானே, கடைக்காரர் என்ன செய்வார்? கூடினது நல்லகாலம். நாடா வாள் ஒட்டத் தெரிந்த பட்டறையில் வெட்டிக் குறைத்து ஒட்டுவிக்கலாம். குறைந்திருந்தால் கொடி கட்டத்தான் உதவும்.

அப்பா நட்ட பூவரசு பாறி விழுந்தது. மெஷின்காரரைக் கூப்பிட்டு அரிவித்தோம். மரத்துக்குள் கம்பி இருந்து மூன்று பிளேட் போய்விட்டதென்று அரிகூலியோடு அந்தக் காசையும் வாங்கிக்கொண்டு போய்விட்டார். முன்கூட்டி ஒன்றும் சொல்லவில்லை. இது நியாயமா? (அளவெட்டி, ஓர் அம்மா)

நியாயமில்லை அம்மா. இரும்பில் பட்டுப் பிளேட் போனால் மரக்காரர் தலையில் போடுவது பல இடங்களில் உள்ள வழக்கம்தான். ஆனால் அதை வாள் ஓடுவதற்கு முன்னம் சொல்ல வேண்டும். முதல் பிளேட் போனதுமே நிறுத்தி, "உள்ளுக்குக் கம்பி இருக்கு, இனி என்ன செய்ய?" என்று உங்களிடம் கேட்டிருக்க வேண்டும். முதலாவதை ஒருவேளை உங்கள் கணக்கில் வைக்கலாம், மற்ற இரண்டும் அவருடைய கவனயீனம். போய்க் கேளுங்கள், கூச்சப்பட வேண்டாம்.

எங்கள் ஊரில் வேலியோரம் நின்ற மரத்தை நம்பவே கூடாது. கதியாலாக நட்ட பூவரசில் முட்கம்பி அடித்து, முப்பது நாற்பது வருடத்தில் மரம் கம்பியை விழுங்கிவிட்டிருக்கும். வெளியே ஒரு வடுக்கூடத் தெரியாது. செல் துண்டு வேறு. யுத்தகாலத்தில் நின்ற மரமென்றால் எந்த உயரத்திலும் இருக்கும். அடிமரத்தின் வெட்டுமுகத்தை நனைத்துப் பாருங்கள். மை கொட்டியது போல நீலக்கறுப்பாக ஓரிடம் தெரிந்தால் பெரும்பாலும் அங்கே இரும்பு கிடக்கிறது. கையில் பிடிக்கிற உலோகம் காட்டும் கருவி ஒரு பிளேட் பெட்டியைவிட மலிவு. மெஷின் வைத்திருப்பவர் அது இல்லாமல் வேலைக்கு வந்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

பலகை நெளிநெளியாக வருகிறது. மெஷின் பிழையா? (அச்சுவேலி)

பத்துக்கு எட்டு, பிளேட் மழுங்கல். மழுங்கவில்லை என்றால் பிளேட்டைச் சக்கரத்தில் இறுக்கிப் பிடிக்கிற இழுவிசை குறைவு.

பிளேட்டை நானே கிரைண்டரால் தீட்டுகிறேன். இரண்டு தரம் தீட்டினதும் உடைந்துவிடுகிறது. பிளேட் தரமில்லையா? (சுன்னாகம்)

பிளேட்டைக் குறை சொல்லாதீர்கள். இந்தக் கேள்வி வந்தால் எனக்குக் கொஞ்சம் கோபம் வரும், காரணம் நானும் இதே முட்டாள்தனத்தைச் செய்தவன். கொழும்பில் ஒரு கடையில் "தானாகவே தீட்டும்" என்று ஒரு சின்ன மெஷினைக் காட்டினார்கள். வாங்கி வந்து பூட்டினேன். கல் பல்லின் நுனியை மட்டும் தொட்டுவிட்டு அடுத்த பல்லுக்குப் போனது. பார்க்கப் பளபள என்று இருந்தது. இரண்டாம் நாள் பல்லடியில் மயிரிழை போல வெடிப்பு, மூன்றாம் நாள் டங் என்று பிளேட் இரண்டாகப் போனது. அந்த மெஷின் இப்போது கோழிக்கூட்டுக் கூரை பறக்காமல் பாரமாக இருக்கிறது.

பல்லைத் தீட்டுவது என்றால் நுனியை மட்டும் தீட்டுவதல்ல. கல் பல்லின் முகத்தில் இறங்கி, இரண்டு பல்லுக்கு நடுவில் உள்ள குழியைச் சுற்றி, அடுத்த பல்லின் முதுகில் ஏற வேண்டும். அந்தக் குழிதான் மரத்தூளை வெளியே கொண்டுவருகிறது. பிளேட் வளைந்து வளைந்து களைப்பதும் அங்கேதான். ஓடி முடிந்ததும் குழியில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகள் இருக்கும். குழியையும் மெல்லச் சுரண்டி எடுத்தால் அவை போய்விடும். நுனியை மட்டும் தீட்டினால் அவை அப்படியே நின்று வளரும். கைக் கிரைண்டரால் அந்த வளைவை ஒரே மாதிரி எடுக்க ஒருவராலும் முடியாது. ஒரு குழியில் கூர்மூலை விழுந்தால் போதும், அந்த இடத்தில் உடையும்.

சூடு இன்னொன்று. பல் நுனி நீலம் பாய்ந்தால் அந்த உருக்கின் பதம் போய்விட்டது. அரை மணித்தியாலத்தில் மழுங்கும். மெல்ல மெல்ல, இரண்டு சுற்றாக எடுங்கள்.

இனி செற். பற்கள் ஒன்று இடம், ஒன்று வலம், ஒன்று நேர் என்று சாய்ந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு பக்கச் சாய்வு ஏறக்குறைய அரை மில்லிமீற்றர். அதனால்தான் ஒரு மில்லிமீற்றர் பிளேட் இரண்டு மில்லிமீற்றர் வாய் வெட்டிக்கொண்டு, உடம்பு உரசாமல் போகிறது. தீட்டத் தீட்ட இந்தச் சாய்வு குறையும். அளந்து பார்த்து, குறைந்திருந்தால் முதலில் செற் வைத்துவிட்டுப் பிறகு தீட்ட வேண்டும். ஒரு பக்கம் கூடிப்போனால் வாள் அந்தப் பக்கமே இழுக்கும், பலகை தோணியாகும்.

எப்போது தீட்டுவது என்றும் ஒருவரும் கேட்பதில்லை. பல்லை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பிடியுங்கள். நுனியில் வெள்ளைப் பொட்டு மாதிரி மின்னினால் மழுங்கிவிட்டது. கூரான நுனி மின்னாது. "இன்னும் ஒரு குற்றிதானே" என்று ஓட்டுகிற அந்த ஒரு குற்றிதான் பிளேட்டைக் கொல்கிறது.

பத்து பிளேட் வாங்கினேன். ஆறு ஒரே நாளில் உடைந்தது. "உங்கட மெஷின் சரியில்லை" என்கிறார் கடைக்காரர். பற்றுச்சீட்டில் "பிளேட் 10" என்று மட்டும் இருக்கிறது. (மானிப்பாய்)

உடைந்த துண்டுகளை எறியாதீர்கள், அவைதான் உங்கள் சாட்சி. ஆறும் ஒட்டில் உடைந்திருந்தால் ஒட்டுப் பிழை, கடைக்காரர் பேச முடியாது. பல்லடியிலிருந்து வெடித்திருந்தால் மழுங்கல் அல்லது அளவுக்கு மிஞ்சிய இழுவிசை. முதுகுப் பக்கத்திலிருந்து வெடித்திருந்தால் பிளேட் அதன் முதுகுக்குப் பின்னால் உள்ள உருளையில் அழுத்தி ஓடியிருக்கிறது. கடைசியாகச் சொன்ன இரண்டும் உங்கள் பக்கப் பிழை.

ஒட்டுப் பிழை என்றால் படம் எடுத்து, பற்றுச்சீட்டின் பிரதியோடு பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு எழுத்தில் முறையிடுங்கள். வாங்கி மூன்று மாதத்துக்குள் எழுத வேண்டும். 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்தும் கேட்கலாம். கேட்டால் பற்றுச்சீட்டு தர வேண்டியது கடைக்காரரின் சட்டக் கடமை. அடுத்த முறை நீளம், அகலம், தடிப்பு மூன்றையும் அதில் எழுதுவித்து வாங்குங்கள். உங்கள் காசு போனது எனக்கும் நோகிறது. ஆறு பிளேட் சின்னக் காசல்ல.

பனை அரிய என்ன பிளேட்? (பருத்தித்துறை)

முதலில் அனுமதி. அது இல்லாமல் பனை தறிக்க வேண்டாம். அனுமதி எடுத்தாயிற்று என்றால், வெளிப்புறத்து இறுகிய வைரப் பகுதி பிளேட்டைச் சீக்கிரம் தின்னும், நடுச் சோறு பஞ்சு போல வழிவிடும். முன்சாய்வு குறைந்த பிளேட், மெதுவான தள்ளல், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பல்லைப் பார்த்தல். கார்பைட் நுனிப் பல் நல்லதுதான், ஆனால் அதைத் தீட்ட வைரக் கல் வேண்டும், ஓர் ஆணி பட்டால் பல் தெறிக்கும். சிலாகை நாலு எடுக்கிற வீட்டுக்காரருக்கு அது வேண்டாத செலவு.

ஓடும்போது பிளேட்டுக்குத் தண்ணீரா, டீசலா? (கிளிநொச்சி)

தண்ணீர், பாத்திரம் கழுவும் சோப்பு கொஞ்சம். பிசின் ஒட்டிக்கொண்டால் மட்டும் டீசல் ஒரு துளி.

இனித் தீட்ட முடியாத பிளேட்டை என்ன செய்யலாம்? (நல்லூர்)

கொல்லரிடம் கொடுத்தால் கத்தி அடித்துத் தருவார். என்னிடம் அப்படி ஒன்று இருக்கிறது. மீன் வெட்ட நல்லது, துருப் பிடிக்கிறது என்று வீட்டில் ஒருவரும் தொடுவதில்லை.